மலை போட்ட மரங்கள்

தாயக்கட்டத்தில் பெருக்கல் குறி போட்ட கட்டத்துக்கு எங்கள் பக்கத்தில் மலை என்று பெயர். மலையில் நிற்கும் காயை வெட்ட முடியாது. எதிராளிக்கு என்ன எண் விழுந்தாலும் சரி, அந்தக் கட்டத்தில் இருக்கும்வரை காய்க்கு ஒன்றும் ஆகாது. கல்லூரி வளாகத்தில் நான் போட்ட தோட்டத்தைப் பற்றிச் சொல்வதானால் இந்த விதியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது எல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

நான் படித்தது சிவில். கிரிவலத்துக்குக் கூட்டம் வரும் ஊரை ஒட்டி, வேங்கிக்காலைத் தாண்டி இருக்கும் அந்தக் கல்லூரியில் கட்டட வேலைகளைப் பார்த்துக்கொள்ள ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தேன். வீடு கீழ்பென்னாத்தூரில், தினமும் பஸ். மாணவிகள் விடுதிக்குப் பின்னால் விரிசல் விட்ட ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதை இடித்துத் தள்ளியபின் ஒரு சதுரமான வெற்றிடம் மிஞ்சியது. அதைச் சுற்றிப் பக்கத்துக்கு ஒன்றாக நான்கு புங்க மரங்கள். தொட்டி சூடேறாமல் இருக்க யாரோ எப்போதோ வைத்தவை. கோடையில் அந்த வளாகத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க முடிந்த இடம் அது ஒன்றுதான்.

அங்கே கல்லூரிப் பேருந்துகளுக்கு ஷெட் போடுவதாக முடிவாகியிருந்தது. வரைபடம் என் வேலை. அளவெடுத்து, வெட்ட வேண்டிய நான்கு மரங்களையும் தாளில் புள்ளிகளாக வைத்தேன். நடுவில் காலி. ஒவ்வொரு பக்கத்தின் மத்தியிலும் ஒரு புள்ளி. வைத்த பிறகு எனக்கு அது ஷெட்டாகத் தெரியவில்லை. ஐந்துக்கு ஐந்து கட்டமாகத் தெரிந்தது. நான்கு பக்கமும் நான்கு மலை. காய் மலையிலிருந்து கிளம்பி, வெளிச்சுற்று சுற்றி, உள்சுற்று சுற்றி, நடுக்கட்டத்துக்குப் போனால் பழம். அங்கே ஒரு பழ மரத்தையே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

ஷெட்டுக்கு ஒரு தாள், தோட்டத்துக்கு ஒரு தாள் என்று இரண்டையும் எடுத்துக்கொண்டு முதல்வர் மேடத்திடம் போனேன்.

"ஷெட்டு கேட்டா தாயம் போட்டுக் கொண்டாந்திருக்கே?"

"மனுஷங்களே காயா நின்னு ஆடலாம் மேடம். ஒவ்வொரு கட்டமும் ஒரு பாத்தி மாதிரி. கோட்டுக்குப் பதிலா செடி. மரம் நாலும் அப்படியே இருக்கும். மலைல."

அவர் அந்தத் தாளைத் தள்ளிவைக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "தாளாளர்கிட்ட நான் பேசறேன். நாலு நல்ல மரம் இருக்கு, வெட்ட வேணாம்னு சொல்லித்தான் பேச முடியும். தாயம்னு சொன்னா சிரிப்பார். மரம் இருக்கறவரைக்கும்தான் உன் கட்டம். மரம் போச்சுன்னா அங்க ஷெட்டுதான். அப்புறம் செடி வெச்சுட்டேன், கோடு போட்டுட்டேன்னு வந்து நிக்கக் கூடாது."

"சரிங்க மேடம்" என்றேன். நான் வேலைக்குச் சேர்ந்து முதல்முறையாக யாரும் கேட்காத ஒன்றை வரைந்து, அதற்குச் சரி என்ற சொல்லையும் வாங்கியிருந்தேன்.

கட்டத்தை மரங்களுக்கு ஏற்ப இழுத்துச் சரிசெய்தேன். மரங்கள் கட்டத்துக்கு ஏற்ப நகராது இல்லையா. அதனால் எங்கள் கட்டம் ஒரு பக்கம் லேசாகக் கோணியிருக்கும். கோடுகளுக்குக் குட்டை ரக இட்லிப்பூச் செடி, அதன் அடியில் சொட்டுநீர்க் குழாய். கட்டங்களுக்குள் செம்மண்ணும் சரளையும். நடுவில் ஒரு சப்போட்டாக் கன்று. கூடவே நின்று எல்லாவற்றையும் செய்தவர் விளையாட்டுக்குப் பொறுப்பான பி.டி. சார். கல்லூரியில் உற்சாகம் ஜாஸ்தி உள்ள ஒரே மனிதர்.

முதல் தகராறு காய் எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்பதில்.

"இடப்பக்கமா சார். எங்க வீட்ல அப்படித்தான்."

"நடுவுல மரம் வெச்சிருக்கே. மரத்தை இடமா சுத்தச் சொல்றியா? இந்த ஊர்ல?"

"அது சப்போட்டா சார்."

"சப்போட்டாவா இருந்தா இன்னா? எங்க அம்மா பஸ் ஸ்டாண்டையே இடமா சுத்த மாட்டாங்க."

விடுதி மாணவிகளைக் கேட்டோம். அவர்களும் வலமாகத்தான் நடப்போம் என்றார்கள். மாற்றிவிட்டேன். விளையாட்டுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. இந்த ஊரில் ஒன்றைச் சுற்றுவது என்றால் என்ன என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. குறி போடும்போதும் அதே போல யாரையாவது கேட்டிருக்கலாம். எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. நாங்கள் எல்லோரும் அதற்குள் கட்டத்துக்குள் குடியேறியிருந்தோம்.

புங்கம் பூ உதிர்க்கும் காலம். மரத்தடியில் சுண்ணாம்பால் போட்ட பெருக்கல் குறி மத்தியானத்துக்குள் பூவுக்கு அடியில் போய்விடும். கபடி ஆடுகளத்துக்கு வாங்கியதில் மிச்சமிருந்த வெள்ளைப் பெயின்டை எடுத்து பி.டி. சார் நான்கு மரத்திலும், நெஞ்சு உயரத்தில், பெரிதாக மலை போட்டுவிட்டார். "இப்ப தெரியுதா இல்லையா?" என்றார். தெரிந்தது. விடுதி மாடியிலிருந்து பார்த்தால் அசல் தாயக்கட்டம். எனக்கும் பிடித்திருந்தது.

தோட்டத்துக்கு அப்பால், மதில் ஓரமாக இரண்டு சீமைக் கருவேல மரங்கள். வெறுங்காலோடு ஆட வேண்டிய இடத்தில் முள் வந்து விழும். அவற்றை எடுத்துவிடச் சொல்லி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். அளவு வேலையில் எதையாவது தனியாகக் காட்ட வேண்டும் என்றால் சிவப்பு ரிப்பன் கட்டுவது எங்கள் வழக்கம். ரிப்பன் இல்லை. ஸ்டோரில் கிடந்த பழைய விழாத் துணியிலிருந்து இரண்டு சிவப்புப் பட்டை கிழித்து இரண்டு மரத்திலும் கட்டினேன்.

மரம் வெட்டுபவரை அலுவலகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னது. வகுப்பு இருக்காது, மரம் சாய்க்க வசதி. அன்றைக்குப் பௌர்ணமியும் கூட. மாணவிகள் பலர் ஊருக்குப் போயிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்களை அழைத்துக்கொண்டு பி.டி. சார் கிரிவலப் பாதையில் தண்ணீர் கொடுக்கப் போயிருந்தார். நான் மத்தியானத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தேன்.

ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் நிலையத்தில் எங்கள் பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிட்டார்கள். அதற்கு மேல் எந்த வண்டியும் போகாது. கூட்டத்தோடு கூட்டமாக இறங்கும்போது போன் வந்தது. அறிமுகமில்லாத எண்.

"மேடம், மரம் வெட்ட வந்திருக்கோம். ஆபீஸ்ல ரெண்டு மரம்னாங்க. குறி போட்டிருக்கு, பாத்து எடுத்துக்கன்னாங்க. இங்க நாலுல குறி இருக்கே?"

ஒரு விநாடி எனக்கு விளங்கவில்லை.

"ஒண்ணு முடிஞ்சுது மேடம். மீதி மூணும் எடுத்துடவா?"

"வெட்டாதீங்க" என்று கத்தினேன். பக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். போனில் கரகரவென்று சத்தம். "ஹலோ? மேடம்?" என்றார். "வெட்டாதீங்க. அதை வெட்டாதீங்க."

"சரிங்க மேடம்" என்றார். போன் நின்றது.

எதற்குச் சரி?

வெட்டாதீங்க என்பதில் நடு எழுத்துகள் இரண்டும் போய்விட்டால் என்ன மிஞ்சும் என்று யோசித்தபடி மறுபடி அழைத்தேன். போகவில்லை. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஒரே ஊரில் இருந்தால் போன் என்ன செய்யும். பி.டி. சாருக்குப் போட்டேன், போகவில்லை. கல்லூரி வாசல் காவலுக்குப் போட்டேன், போகவில்லை. "வெட்ட வேண்டாம்" என்று எழுதி அனுப்பினேன். ஒற்றை டிக்கோடு அப்படியே நின்றது.

அவசரத்திலும் எனக்கு வரிசை போடத்தான் வரும். நடந்து போவது: வெகு நேரம் ஆகும், அதற்குள் மூன்றும் விழுந்துவிடும். ஊருக்குள் புகுந்து குறுக்கே போவது: கூட்டம், நடப்பதை விட மெதுவாகத்தான் முடியும். ஆட்டோ: வெளிச்சுற்றாகப் போனால் உண்டு, ஆனால் ஆட்டோக்கள் எல்லாம் ஒரே திசையில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தன.

"மலை சுத்தவா மா? ஏறு, ஏறு."

"இல்லண்ணா, வேங்கிக்காலுக்கு அந்தாண்ட. காலேஜ்."

"இன்னிக்கு எவனும் அந்தப் பக்கம் வரமாட்டான். காலேஜ் நாளைக்கும் இருக்கும். மலை சுத்திட்டுப் போயேன், புண்ணியமாப் போவும்."

"அண்ணா, அங்க மரம் வெட்டிட்டு இருக்காங்க. வெட்டக் கூடாத மரம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன் மரமா?"

"இல்ல."

"பின்ன இன்னாத்துக்கு அழுவுற?"

"அழலண்ணா. வெயில்."

"சரி, ஏறு" என்றார். உள்ளே ஏற்கெனவே உட்கார்ந்திருந்த இரண்டு பேரைப் பார்த்து, "நீங்க எறங்கி வேற வண்டி பாருங்க, இது எமர்ஜென்சி" என்றார். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள்.

ஏரிக்கரை மேல் போனால் போலீஸ் மறிக்காது என்று அந்த வழியாக ஓட்டினார். வண்டி குலுங்கிய குலுங்கலில் போனைக் காதில் வைக்க முடியவில்லை. கையில் பிடித்துக்கொண்டு அழைத்தபடியே இருந்தேன். இடப்பக்கம் நெல்வயல், அதற்கு அப்பால் மலை. நான்கில் எது போயிருக்கும் என்று மட்டும் யோசித்தேன். மேற்குப் பக்கத்து மரம் இல்லாவிட்டால் சாயங்கால வெயில் முழுக்கக் கட்டத்தின் மேல் விழும். கிழக்கு மரம் போனால் பரவாயில்லையா? ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை விட்டுக்கொடுப்பது போல நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், யாரோ என்னிடம் கேட்டது மாதிரி. உண்மையில் முதல்வர் மேடம் போட்ட நிபந்தனையில் கிழக்கும் மேற்கும் கிடையாது. நாலு மரம் என்று சொல்லித்தான் அவர் தாளாளரிடம் அந்த இடத்தை வாங்கியிருந்தார்.

கல்லூரி வாசலில் இறங்கி நின்று கேட்டேன். ரம்பச் சத்தம் கேட்டால் இன்னும் வெட்டுகிறார்கள். கேட்காவிட்டால் முடிந்துவிட்டது. இரண்டில் எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. சத்தம் எதுவும் இல்லை. விடுதியைச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

கிழக்கு மரம் தரையில் கிடந்தது. முழங்கால் உயரத்துக்கு அடிமரம் மட்டும் நின்றது, வெட்டுவாய் மஞ்சளும் வெளுப்புமாக. இட்லிப்பூச் செடிகளில் ஒரு வரிசை அதற்கு அடியில். தெற்கு மரத்தில் கயிறு கட்டியிருந்தார்கள், ஒரு பெரிய கிளை இறங்கியிருந்தது. அந்த மரத்தின் நிழலில், கயிற்றின் மேல் உட்கார்ந்து, மூன்று பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க மேடம். டீ சாப்பிடறீங்களா?" என்றார் மூத்தவர். போனில் கேட்ட குரல்.

மூச்சு அடங்கக் கொஞ்சம் நேரமானது. "வெட்டாதீங்கன்னு சொன்னேன்."

"எனக்கு வெட்டுங்கன்னு இல்ல கேட்டுது. அதான் சரின்னேன்."

"அண்ணா, அந்தக் குறி வெட்டறதுக்குப் போட்டது இல்ல."

"மரத்துல பெருக்கல் போட்டா வேற இன்னாத்துக்கு மா? ரோடு போடறப்ப பூரா அப்படித்தான் போட்டுக் குடுக்கறாங்க. எத்தினி மரம் எடுத்திருக்கோம்."

"இது மலை. தாயக்கட்டத்துல மலை இருக்கில்ல? வெட்ட முடியாத கட்டம். அந்த மலை."

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து நின்று தரையைப் பார்த்தார். செடி வரிசைகள், கட்டங்கள், நடுவில் சப்போட்டாக் கன்று. ஒரு ஓரமாக நடந்து போய்த் திரும்பி வந்தார். பிறகு இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "இன்னாம்மா இது!" என்றார். "மலைல இருந்த காயையா என்னை வெட்ட வெச்சீங்க?"

"அப்ப இந்த வெட்டு செல்லாது மாமா" என்றார் கூட வந்த ஆள், டீயை உறிஞ்சிக்கொண்டே. "காயை எடுத்த எடத்துலயே திருப்பி வெச்சுடணும்."

"வைடா. எங்க, வெச்சுக் காட்டு. பேச வந்துட்டான்."

மற்றவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், வேறு ஒரு நாளாக இருந்தால். கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன். அவிழ்த்தார்கள். முடிச்சு விடுபடும்வரை அங்கேயே நின்றேன்.

"நீங்க எடுக்க வேண்டியது அதோ அந்தக் கருவேலம் ரெண்டும். சிவப்புத் துணி கட்டியிருக்கேன் பாருங்க."

மூன்று பேரும் மதில் பக்கம் பார்த்தார்கள். யாரும் அசையவில்லை.

"துணி கட்டின மரத்துல எவன் மா கத்தி வெப்பான்?" என்றார் மூத்தவர்.

"சாமி துணி இல்லண்ணா. பழைய பேனர். நான்தான் கட்டினேன்."

"சிவப்பு நீங்க கட்டினீங்க. மஞ்சளு?"

அப்போதுதான் பார்த்தேன். ஒரு மரத்தில் என் சிவப்புப் பட்டைக்கு மேலே ஒரு மஞ்சள் துணி. நல்ல இறுக்கமான முடிச்சு. பருவத் தேர்வுக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. விடுதியில் யாரோ சிவப்பைப் பார்த்து நம்பிக்கை வைத்திருக்கிறாள்.

"அவுத்துட்டு வெட்டலாமே" என்றேன். என் குரலிலேயே பலமில்லை.

"நீங்க அவுருங்க மேடம், நாங்க பாக்கறோம்" என்றார் அந்த ஆள்.

நான் அவிழ்க்கவில்லை. அவர்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மூத்தவர் போகும்போது கிழக்கு அடிமரத்தின் அருகே நின்று, அதன் மேல் உள்ளங்கையை வைத்து எடுத்தார்.

அன்றிலிருந்து அவசரத்தில் நான் 'வெட்டாதீங்க', 'தொடாதீங்க', 'போடாதீங்க' என்று எதையும் சொல்வதில்லை. 'நில்லுங்க' என்று மட்டும் சொல்வேன். எந்த எழுத்து போனாலும் அதற்கு எதிர்ப்பொருள் வராது.

மறுநாள் காலை முதல்வர் மேடம் அறைக்குள் போனவுடனே சொன்னேன். எப்படித் தொடங்கலாம் என்று பஸ்ஸில் சில வகைகளை யோசித்து வைத்திருந்தேன், எதையும் பயன்படுத்தவில்லை. "ஒரு மரம் போயிடுச்சு மேடம்" என்றேன். பிறகு பெருக்கல் குறி, போன், துணி. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"நாலு மரம்னு சொல்லித்தான் வாங்கினேன்."

"ஆமாங்க மேடம்."

"புதன்கிழமை தாளாளர் வரார். வந்து பாத்தா முதல்ல கண்ணுல படறது அந்த அடிமரம்தான்." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "சாயங்காலம் நான் வந்து பாக்கறேன். உன் ஆட்டம் ஆடற மாதிரி இருக்கான்னு பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம். இல்லன்னா நானே அவர்கிட்ட ஷெட்டுன்னு சொல்லிடறேன். அவர் சொல்லி நான் கேட்கறதுக்கு அது மேல்."

அன்று மத்தியானம் முழுக்க விழுந்த மரத்தை இழுத்து ஓரம் போட்டு, நசுங்கிய செடிகளுக்குப் பதில் வேறு நட்டோம். மரத்தில் செய்த பெரிய தாயக்கட்டைகள் அன்றைக்குத்தான் தச்சரிடமிருந்து வந்தன. மாணவிகள் காய்களாக நின்றார்கள், தலையில் நாலு நிறத் துணிப்பட்டை. முதல் சிக்கல் உடனே வந்தது. கிழக்குப் பக்கத்தில் நிற்க யாரும் போகவில்லை. நிழல் இல்லாததால் மட்டும் இல்லை. "அது வெட்டுப்பட்ட எடம் மேடம்" என்றாள் ஒருத்தி, என்னிடம் மெதுவாக.

முதல்வர் மேடம் வந்தபோது மூன்று பக்கம்தான் காய்கள் இருந்தன. பி.டி. சாருக்கு வாய் சும்மா இருக்காது. "ஒரு பக்கம் ஆள் கம்மி மேடம், நீங்க நிக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டார். நான் அவரை முறைத்தேன். மேடம் செருப்பைக் கழற்றினார். புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கிழக்குக் கட்டத்துக்குப் போய், அங்கே வேறு எங்கும் நிற்காமல் நேராக அடிமரத்தின் மேல் ஏறி நின்றார்.

ஆட்டம் தொடங்கியது. அவருடைய பக்கத்துக்குக் காய் கிளம்பத் தேவையான தாயமே விழவில்லை, அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். தெற்கிலிருந்து கிளம்பி மற்ற இரண்டு பக்கமும் சுற்றி வந்த ஒரு முதலாண்டு மாணவி, சரியாக அந்தக் கட்டத்துக்கு வரும்படி எண் விழ, ஓடிவந்து, "வெட்டு!" என்று கத்தினாள். பிறகு யாரைப் பார்த்துக் கத்தினோம் என்று தெரிந்து இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டாள்.

"எப்படி வெட்டுவே? நான் மலைல இருக்கேன்" என்றார் மேடம்.

"மேடம்..." என்றார் பி.டி. சார். அவருக்கே தயக்கம். "அங்க மரம் இல்லையே. மலைன்னு எடுத்துக்கறதா வேணாமான்னு..."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விதி என்னிடம் இருப்பது போல. என்னிடம் இல்லை. அது மலை இல்லை என்று நான் சொன்னால் மூன்று பக்கத் தாயக்கட்டம் என்று ஒன்று கிடையாது, இடம் ஷெட்டுக்குப் போகும். மலை என்றால், என் வசதிக்குச் சொன்னது போலாகும்.

மேடம் குனிந்து தன் காலடியைப் பார்த்தார். "நாலுல இது ஒண்ணுலதான் ஏறி நிக்க முடியுது" என்றார். "இது மலை இல்லன்னா எது மலை?"

முதலில் கைதட்டியது 'வெட்டு' என்று கத்திய பெண்தான்.

இறங்கி வந்து செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம், "ஷெட்டை மதில் பக்கம் தள்ளிக்கலாம்னு சொல்றேன். அந்த முள்ளு மரம் ரெண்டையும் எடுத்தா பஸ் நிக்குமில்ல?" என்று கேட்டார்.

அளவு எனக்குத் தெரியும். "நிக்கும் மேடம். ஆனா அதை யாரும் எடுக்க மாட்டாங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். மஞ்சளுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு பச்சைத் துணியும் இருந்தது. அந்தக் கருவேலத்தின் அடியில் யாரோ குங்குமம் வேறு வைத்திருந்தார்கள். அவர் இரண்டையும் பார்த்தார். பிறகு, "பஸ்ஸுதானே. வெயில்ல நின்னா கறுத்தாப் போயிடும்?" என்றார்.

புதன்கிழமை தாளாளர் வந்தார். வந்ததிலிருந்து போனில் பேசிக்கொண்டே, கிளை இழந்த அந்தத் தெற்கு மரத்தின் நிழலில் நின்றார். பேசி முடித்ததும் மரத்தில் இருந்த பெருக்கல் குறியைப் பார்த்து, "இதை வெட்டப் போறீங்களா?" என்று கேட்டார். "இல்லைங்க சார்" என்று முதல்வரும் பி.டி. சாரும் நானும் ஒன்றாகச் சொன்னோம். "நல்ல நிழலு" என்றார். காரில் ஏறிப் போனார்.

அன்று மாலை என் வேலைப் பட்டியலை எடுத்தேன். அதில் 'கருவேலம் இரண்டு, வெட்டுதல்' என்ற வரி இன்னும் முடியாமல் இருந்தது. பழக்கத்தில் அதன்மேல் ஒரு பெருக்கல் குறி போட்டேன். போட்ட பிறகு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு குறியை அடித்துவிட்டு, பக்கத்தில் முழு வார்த்தையாக எழுதினேன்: நிற்கட்டும்.